முழுத் தட்டையும் பாருங்கள்: உணவின் தரமும் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும்

களியக்காவிளைச் சந்தையிலோ பாறசாலைச் சாயாக் கடையிலோ சர்க்கரை நோயைப் பற்றிய பேச்சு எப்படித் தொடங்கினாலும் கடைசியில் ஏதாவது ஒரு பொருளில் வந்து நிற்கும். மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) தின்னலாமா? சக்கைப்பழம் (பலாப்பழம்) ஆகுமா? சம்பா அரிசிச் சோறு என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாமாமே? பாகற்காய்ச் சாறு குடித்தால் சீனி இறங்குமா? எல்லோரும் அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆனால் இவற்றுக்கு ஆகும், ஆகாது என்று ஒரே சொல்லில் பதில் சொன்னால் பெரும்பாலும் தவறிப்போகும். இரண்டு துண்டு கிழங்கு நல்லதா கெட்டதா என்பதைத் தட்டில் அதன் பக்கத்தில் என்ன இருக்கிறது, அது எதன் இடத்தில் வந்தது, அன்றைக்கு மற்ற வேளைகளில் என்ன சாப்பிட்டோம் என்பவைதான் முடிவு செய்கின்றன.

இப்படி ஒரு வாரச் சாப்பாட்டை மொத்தமாக எடுத்து மதிப்பிடுவதைத்தான் உணவின் தரம் என்கிறார்கள். டைப் 2 சர்க்கரை நோய் வருவதில் குடும்ப வழி, வயது, வயிற்றுச் சதை, உடலுழைப்பு, தூக்கம் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. அவற்றோடு உணவின் தரத்துக்கும் பெரிய பங்கு இருக்கிறது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நோய் இருந்ததை மாற்ற வழியில்லை. சட்டியிலிருந்து தட்டுக்கு எது எவ்வளவு வருகிறது என்பதை இன்றைக்கே மாற்ற முடியும்.

குமரி மாவட்டமும் கேரளமும் சந்திக்கும் இந்த எல்லைப் பகுதியில் இருப்பவர்கள் இதில் கூடுதல் கவனம் வைக்கக் காரணம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்திய கணக்கெடுப்பின் முடிவு 2023-இல் வெளிவந்தது. வயது வந்தோரில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது காட்டியது. கேரளத்துக்கு மட்டும் அந்த எண் 25.5. குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த மண். சமையலில் இன்றும் இரு பக்கத்துக்கும் பெரிய வேறுபாடு கிடையாது.

தரத்தை எப்படி அளக்கிறார்கள்?

ஆராய்ச்சியாளர்கள் உணவுக்குப் பள்ளிக்கூடத்தில் போடுவதுபோல மதிப்பெண் போடுகிறார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு முறையில் 11 பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் 10, மொத்தம் 110. காய்கறி, பழம், தவிடு நீக்காத தானியம், பருப்பும் கொட்டைகளும், மீனில் உள்ள கொழுப்பு, நல்ல வகைத் தாவர எண்ணெய் ஆகியவை கூடினால் மதிப்பெண் ஏறும். சீனி போட்ட பானமும் பழச்சாறும், ஆட்டு மாட்டு இறைச்சி, பதப்படுத்திய இறைச்சி, வனஸ்பதி போன்றவற்றில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்பு, உப்பு ஆகியவை கூடினால் இறங்கும். மது தனிப் பாடம். ஒரு பாடத்தில் குறைந்தாலும் மற்றவற்றில் ஈடுகட்ட முடியும். மொத்த உணவு என்று அழுத்திச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இந்த மதிப்பெண்ணை வைத்து 2016-இல் ஒரு முக்கியமான ஆய்வு வந்தது. அமெரிக்காவில் செவிலியர்களும் பிற மருத்துவத் துறையினருமாக 1,24,000-க்கும் மேற்பட்டவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த தரவு அது. நான்கு ஆண்டு இடைவெளியில் ஒருவருடைய மதிப்பெண் எவ்வளவு மாறியது, அடுத்த நான்கு ஆண்டில் அவருக்குச் சர்க்கரை நோய் வந்ததா என்று பார்த்தார்கள். மதிப்பெண் 10 சதவீதத்துக்கு மேல் சரிந்தவர்களுக்கு, மாறாமல் இருந்தவர்களைவிட நோய் வரும் வாய்ப்பு 34 சதவீதம் கூடுதல். 10 சதவீதத்துக்கு மேல் ஏறியவர்களுக்கு 16 சதவீதம் குறைவு.

சதவீதத்தைக் கண்டு மிரளவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். 34 சதவீதம் கூடுதல் என்றால் நூறு பேரில் முப்பத்து நான்கு பேருக்கு நோய் வரும் என்று பொருள் கொள்ளக்கூடாது. ஒரு கூட்டத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு வரவிருந்தது என்று வைத்துக்கொண்டால், தரம் சரிந்த கூட்டத்தில் அது பதின்மூன்றைத் தாண்டும். தரம் உயர்ந்த கூட்டத்தில் எட்டரைக்கு அருகில் வரும்.

அந்த ஆய்வில் இன்னும் இரண்டு செய்திகள் நமக்கு வேண்டியவை. தொடக்கத்தில் மிக மோசமாகச் சாப்பிட்டவர்களுக்கும் முன்னேற்றம் பலன் தந்தது. இத்தனை வருடம் இப்படியே ஓடிவிட்டது, இனி மாற்றி என்ன என்ற பேச்சுக்கு இடமில்லை. அடுத்து, அந்தப் பலனில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் உடல் எடையில் வந்த மாற்றம் காரணம். மீதி எடை வழியாக வரவில்லை. ஒல்லியாக இருப்பவர்களும் தட்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சைவம் சாப்பிட்டால் போதும் என்று நம்புபவர்களுக்கும் அதே 2016-இல் வந்த வேறொரு ஆய்வு பதில் சொல்கிறது. தாவர உணவைத் தரம் பிரித்துப் பார்த்தபோது, முழுத்தானியம், காய், பழம், பருப்பு, கொட்டை மிகுந்த தாவர உணவு உண்டவர்களுக்கு வாய்ப்பு 34 சதவீதம் குறைந்திருந்தது. தீட்டிய தானியம், இனிப்பு, பழச்சாறு, உருளைக்கிழங்கு மிகுந்த தாவர உணவு உண்டவர்களுக்கு 16 சதவீதம் கூடியிருந்தது. மைதாவும் சீனியும் செடியிலிருந்து வருபவைதான்.

இவை கூடவே இருந்து கவனித்துக் கணக்கிட்ட ஆய்வுகள். நன்றாகச் சாப்பிடுகிறவர்கள் நன்றாக நடப்பவர்களாகவும் இருப்பார்கள் என்பதால் உணவின் பங்கை முழுக்கப் பிரித்தெடுப்பது கடினம். அதனால் ஆட்களைப் பிரித்து, ஒரு பகுதிக்கு மட்டும் வாழ்க்கைமுறைப் பயிற்சி கொடுத்துப் பார்த்த சோதனைகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை எடுத்து நடத்திய சோதனை 2006-இல் வெளியானது. மூன்று ஆண்டில் வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவும் நடையும் மாற்றியவர்களில் 39.3 சதவீதம்.

நம் வாசலுக்கே வந்த சோதனையும் உண்டு. பாறசாலையை உள்ளடக்கிய நெய்யாற்றின்கரை தாலுக்காவில், 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில் 1,007 பேரை வைத்து நடந்தது. முடிவு 2018-இல் வந்தது. ஊர்க்காரர்களே குழுவாகக் கூடி ஒருவருக்கொருவர் துணை நின்றார்கள். இரண்டு ஆண்டில் குழுவில் இருந்தவர்களில் 14.9 சதவீதத்துக்கும் மற்றவர்களில் 17.1 சதவீதத்துக்கும் நோய் வந்தது. இந்த வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கக்கூடிய அளவுக்குச் சிறியது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆனாலும் குழுவினர் காய்கறியும் பழமும் கூடுதலாகச் சாப்பிடத் தொடங்கினார்கள், மது குறைந்தது. கூட்டம் போட்டுப் பேசினால் நம் ஊர் அடுக்களையிலும் பழக்கம் மாறும் என்பதற்கு அது போதுமான சான்று. நோயை நிறுத்த மாற்றம் இன்னும் ஆழமாகப் போக வேண்டும்.

உடலுக்குள் நடப்பது

சோறு, கிழங்கு, புட்டு, மைதா எல்லாம் வயிற்றுக்குள் போனால் குளுக்கோஸ். அது ரத்தத்தில் ஏறியதும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் குளுக்கோஸைத் தசைக்கும் கல்லீரலுக்கும் அனுப்புகிறது. வேலைக்குச் செலவாகாத குளுக்கோஸ் கல்லீரலில் கொழுப்பாக மாறும். கல்லீரலில் கொழுப்பு படிந்தால் அது இன்சுலின் சொல்வதைக் கேட்காது. ராத்திரி நாம் தூங்கும்போதுகூடக் குளுக்கோஸைத் தானாக வெளியே விட்டுக்கொண்டிருக்கும். காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை கூடி நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கணையம் இன்னும் கூடுதலாகச் சுரந்து சமாளிக்கும். பல ஆண்டு இப்படி ஓடி, கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்கள் ஈடுகொடுக்க முடியாமல் போகும்போது சர்க்கரை ஏறிய நிலையிலேயே நின்றுவிடும். தெற்காசியர்களான நமக்குக் கை கால் மெலிந்திருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேரும் உடல்வாகு. ஆண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தொட்டாலே எச்சரிக்கை என்று இந்தியர்களுக்குக் குறைவான எல்லை வைத்திருப்பது இதனால்தான்.

நல்ல தட்டு இந்தச் சங்கிலியைப் பல இடத்தில் ஒரே நேரத்தில் பிடிக்கிறது. கீரையிலும் பயறிலும் உள்ள நார் வயிற்றிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்தும். குளுக்கோஸ் மெதுவாக ஏறும். நார் பெருங்குடலுக்குப் போனால் அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் பிரித்து உடலுக்கு நன்மை தரும் அமிலங்களாக்குகின்றன. மீன், முட்டை, பருப்பிலுள்ள புரதம் வயிறு நிறைந்த உணர்வைத் தரும். நாலு மணிக்குக் கை தானாகப் பலகாரத்தை நோக்கிப் போகாது. தனியாக ஒரு சாறோ ஒரு பொடியோ இத்தனையும் செய்யாது.

ஒரு மத்தியானத் தட்டு, தராசில்

இந்தப் பக்கத்து வீடுகளில் வழக்கமாக விழும் ஒரு மத்தியானச் சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். 200 மில்லி பிடிக்கும் கப்பில் சோற்றை அமுக்காமல் நிரப்பினால் ஏறக்குறைய 140 கிராம். மூன்று கப் சோறு, 420 கிராம். அதன் மேல் மீன் குழம்பு. ஓரத்தில் இரண்டு தேக்கரண்டி பயற்றங்காய்த் துவரன் (தேங்காய் போட்ட பொரியல்), எடை போட்டால் 30 கிராம். சிறிய சாளை ஒன்று. பப்படம் ஒன்று. சோற்றின் எடையில் 28 சதவீதம் மாவுச்சத்து என்பதால் சோற்றிலிருந்து மட்டும் 115 கிராமுக்கு மேல் மாவு. புரதம் எல்லாம் சேர்த்து 18 கிராம் அளவுக்கு.

இனி அதே அடுக்களை, அதே சமையல். சோறு ஒன்றரைக் கப். துவரன் 100 கிராம், அதாவது உள்ளங்கை நிறையக் குவித்து. வெள்ளரிக்காய்ப் பச்சடியோ தடியங்காய்க் கூட்டோ ஒரு குழிக்கரண்டி. வேகவைத்த சிறுபயறு 100 கிராம். குழம்பில் கிடந்த சாளை மூன்று. மாவு 85 முதல் 90 கிராமுக்குள் வந்துவிடும். புரதம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். நார் பல மடங்கு கூடும். வயிறு காலியாக எழுந்த குறையும் இருக்காது. புதிதாகச் சந்தையில் தேடி வாங்க வேண்டிய எதுவும் இதில் இல்லை. துவரன், அவியல், தீயல், எரிசேரி, பயறு, மீன் எல்லாம் நம் சமையலிலேயே உண்டு. தொட்டுக்கொள்ள வைத்தவை குறைந்தும் சோறு கூடியும் போனதுதான் கோளாறு.

சாப்பிடும் வரிசையும் உதவும். முதலில் துவரனையும் மீனையும் பாதி சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றைப் பிசைந்தால், அதே சாப்பாட்டுக்குச் சர்க்கரை ஏறும் உச்சம் குறைகிறது. சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் முற்றத்திலோ தெருவிலோ நடந்தால் இன்னும் குறையும்.

2025-இல் அதே நாடு தழுவிய கணக்கெடுப்பிலிருந்து உணவைப் பற்றிய முடிவுகள் வந்தன. நம் நாட்டில் ஒருவர் பெறும் கலோரியில் 62 சதவீதம் மாவிலிருந்தும் சீனியிலிருந்தும் வருகிறது. அதில் 5 சதவீதத்தை எடுத்துவிட்டு, பருப்பு வகைப் புரதமோ பால் வகைப் புரதமோ வைத்தால் சர்க்கரை நோய்க்கான வாய்ப்பு குறைவதாகக் கணக்கு காட்டியது. ஒரு நாளைக்கு 2,000 கலோரி என்றால் 5 சதவீதம் 100 கலோரி, அதாவது 25 கிராம் மாவு. சோற்றில் அது அரைக் கப்புக்குச் சற்றுக் கூடுதல். அவ்வளவுதான் முதல் படி.

அதே ஆய்வு சொன்ன இன்னொன்றை ஊரெல்லாம் சொல்ல வேண்டும். அரிசியை எடுத்துவிட்டுக் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ வைத்து, மொத்த மாவுச்சத்தின் அளவைக் குறைக்காமல் விட்டால் வாய்ப்பு குறைவதாகத் தெரியவில்லை. ராத்திரிச் சோற்றை விட்டுவிட்டேன் என்று நாலு சப்பாத்தி சாப்பிடுகிறவரின் கணக்கைப் பாருங்கள். 40 கிராம் மாவில் சுட்ட சப்பாத்தி ஒன்றில் 28 கிராம் மாவுச்சத்து. நாலு சேர்ந்தால் 112. மூன்று கப் சோறும் அதேதான். இரண்டு சப்பாத்தியும், அதைவிடக் கூடுதலாகக் கடலைக் கறியும் என்றால் மாற்றம் நடந்திருக்கிறது.

கிழங்கு, புட்டு, கஞ்சி, சம்பா

மரச்சீனி மீது நமக்கு நன்றிக்கடன் உண்டு. விசாகம் திருநாள் மகாராஜா 1880-களில் அதை வளர்க்க ஊக்கம் கொடுத்தார். அரிசி கிடைக்காத காலங்களில் திருவிதாங்கூர் மக்களைக் காப்பாற்றியது அதுதான். அதைத் தின்றால்தான் சர்க்கரை நோய் வருகிறது என்று ஒரு பேச்சு நெடுநாளாக இருக்கிறது. அதற்கு ஒரு பின்கதை உண்டு. கேரளத்தில் இளம் வயதிலேயே கணையத்தில் கல் படிந்து சர்க்கரை நோய் வந்தவர்களைக் கண்டபோது, கிழங்கிலுள்ள சயனைடு காரணமாக இருக்கலாம் என்று 1979-இல் ஒரு கருத்து முன்வைக்கப்பட்டது. பிறகு வந்த ஆய்வுகள் அதற்குத் துணை நிற்கவில்லை. மரபணு மாற்றங்களுக்குப் பங்கு இருப்பது தெரிந்தது. அந்த நோயும் இன்று பரவலாக வரும் டைப் 2 நோயும் வேறு வேறு. ஆனாலும் கிழங்கைத் தோலுரித்து, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்து ஊற்றும் பழைய வழக்கத்தை விடக்கூடாது. சயனைடு போவது அந்த வழியில்தான்.

சர்க்கரை நோய்க் கணக்கில் கிழங்கின் குறை எளிமையானது. மாவு மிகுதி, புரதம் மிகக் குறைவு. 100 கிராமில் 35 கிராம் அளவுக்கு மாவு. புரதம் ஒன்றரைக் கிராம்கூட இல்லை. கிழங்கும் மீனும் என்று சாப்பிடும்போது அந்தக் குறையை மீன் தீர்க்கிறது, அதனால் அது கெட்ட கூட்டணி கிடையாது. 150 கிராம் கிழங்கு, அதே எடைக்கு மீன், ஒரு கிண்ணம் கீரைத் துவரன் என்று வைத்தால் அது ஒரு முழு வேளைச் சாப்பாடு. தவறு நடக்கும் இடம் வேறு. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிழங்கைப் பலகாரமாக நினைத்துச் சாப்பிட்டுவிட்டு, எட்டரைக்கு வழக்கம்போலச் சோறும் சாப்பிடுவதால் ஒரு நாளுக்கு மூன்று வேளையாக இருந்த மாவு நாலு வேளையாகிறது. சேனை, சேம்பு, காச்சில், வாழைக்காய் ஆகியவற்றுக்கும் இதே விதி. காய்கறிக் கடையில் வாங்கினாலும் அவற்றைச் சோற்றுக் கணக்கில் எழுதுங்கள். அவியலில் இவை மட்டுமே மிதந்தால் அது காய்கறி ஆகாது. முருங்கைக்காய், வெள்ளரி, புடலை, வழுதலங்காய், கேரட் ஆகியவை பாதிக்கு மேல் இருக்கட்டும்.

புட்டு நல்ல பாடம். 100 கிராம் அரிசிமாவில் ஒரு குழல் புட்டு என்றால் மாவுச்சத்து 80 கிராம் அளவு. அதோடு ஏத்தன் பழம் ஒன்றும் சீனி இரண்டு கரண்டியும் பிசைந்தால் 120-ஐத் தாண்டும். அரைக் குழல் புட்டும் ஒரு கிண்ணம் கடலைக் கறியும் எடுத்தால் மாவு 80 பக்கம் நின்றுவிடும். அதில் பாதி கடலைக்குள் நாரோடு பிணைந்து மெதுவாக இறங்குவது. புரதமும் கூடவே வருகிறது. பெயரளவில் இரண்டும் புட்டுதான். மதிப்பெண் போட்டால் இரண்டும் வேறு வேறு வகுப்பு.

கஞ்சியைப் பொறுத்தவரை, குழைய வெந்த அரிசி வேகமாகச் செரிக்கும். தனிக் கஞ்சி சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். கஞ்சிக்குப் பயறும் காணத்துவையலும் வேண்டும் என்று முன்னோர் வைத்த ஜோடி சரியானது. அரிசி அளவுக்குப் பயறும் போடுங்கள். பழங்கஞ்சியில் மாவின் ஒரு சிறு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது என்பது உண்மைதான். அந்த நன்மை சிறியது. அதை நம்பி ஒரு சட்டி குடித்தால் கணக்கு கவிழ்ந்துவிடும்.

சம்பா அரிசி விஷயத்தில் கண்ணைத் திறந்து வாங்க வேண்டும். சிவப்பு நிறம் இருப்பது தவிட்டில். மணி முழுக்க ஒரே சிவப்பாக இருந்தால் தவிடு இருக்கிறது. வெள்ளை மணியில் சிவப்புக் கீற்று மட்டும் ஓடினால் ஆலையில் தீட்டிவிட்டார்கள். நார் பெரும்பாலும் போய்விட்டது. வெள்ளை அரிசியில் நாளைக்கு 50 கிராமைத் தவிடு நீக்காத அரிசியாக மாற்றினால் வாய்ப்பு 16 சதவீதம் குறையும் என்று 2010-இல் அமெரிக்க ஆய்வொன்று கணக்கிட்டது. அங்கே சோறு கொஞ்சமாகத்தான் சாப்பிடுவார்கள். 21 நாடுகளை ஒப்பிட்டு 2020-இல் வந்த ஆய்வில், நாளொன்றுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்களை 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால் தெற்காசியாவில் வாய்ப்பு 61 சதவீதம் கூடியிருந்தது. ஆக நிறத்தைப் பார்ப்பது இரண்டாவது வேலை. அளவைப் பார்ப்பது முதல் வேலை.

சாயாவும் கூடச் சேர்ப்பவையும்

ஒரு சாயாவுக்கு இரண்டு கரண்டி சீனி என்றால் 10 கிராம். நாலு சாயா, 40 கிராம். மாதத்துக்கு ஒரு ஆளுக்கு 1.2 கிலோ. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நாள் முழுவதற்குமாகச் சொல்லும் எல்லை 20 முதல் 25 கிராம். திடீரென்று நிறுத்தினால் நாக்கு ஒப்பாது. வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்தால் ஒரு மாதத்தில் பழகிவிடும். கடையில் முதலிலேயே சீனி கலந்து வைத்திருப்பார்கள் என்றால் கட்டன் சாயா சீனியில்லாமல் கேட்டு வாங்கலாம்.

கருப்பட்டியும் தேனும் விதிவிலக்கு என்று நினைப்பவர்கள் ஏராளம். கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது சீனியேதான். கொஞ்சம் தாதுக்கள் இருப்பது உண்மை. அதற்காகக் கணக்கிலிருந்து விலக்க முடியாது. நாளைக்கு ஒன்றிரண்டு முறை சீனிப் பானம் குடிப்பவர்களுக்கு, எப்போதாவது குடிப்பவர்களைவிட நோய் வாய்ப்பு 26 சதவீதம் கூடுதல் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டிருக்கிறார்கள். சர்பத்தும் பாட்டில் குளிர்பானமும் பாக்கெட் மாம்பழச்சாறும் ஒரே வரிசை. பழத்தைப் பழமாகவே கடித்துத் தின்றால் நார் காப்பாற்றும். மட்டிப்பழம் ஒன்று போதும். பெரிய ஏத்தன் பழம் என்றால் பாதி. சக்கை வரும் காலத்தில் நாலைந்து சுளையோடு நிறுத்தி, அன்றைக்கு மற்ற பழத்தை விட்டுவிடலாம். இளம் சக்கையை இடிச்சக்கைத் துவரனாக்குவது நார் நிறைந்த நல்ல கறி.

தேங்காயைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும். தேங்காயே சர்க்கரை நோய்க்குக் காரணம் என்று சொல்ல ஆதாரமில்லை. ஆனால் துருவிய தேங்காய் 100 கிராமில் 350 கலோரி இருக்கிறது. நாலு பேருக்கு அரைக் கிலோ காயில் துவரன் வைத்தால் மூன்று மேசைக்கரண்டித் துருவல் மணத்துக்கும் ருசிக்கும் போதும். அரை மூடியைத் துருவிக் கொட்டினால் காய்கறி சாப்பிட்ட பலனைக் கலோரி தின்றுவிடும். ஏத்தங்காய் சிப்ஸ், பழம்பொரி, ரசவடை, முந்திரிக்கொத்து ஆகியவை விழா நாளுக்குரியவை. தினசரி நாலு மணிப் பழக்கமாக வந்ததுதான் புதியது. அந்த நேரத்துக்கு ஒரு கைப்பிடி நிலக்கடலையோ அவித்த சிறுபயறோ வைத்துக்கொள்ளுங்கள்.

பாகற்காய்ச் சாறு, வெந்தயத் தண்ணீர், ‘சர்க்கரை நோயாளிகளுக்கான’ பிஸ்கட் எல்லாம் தட்டைத் தொடாமல் தப்பிக்க நாம் தேடும் வழிகள். பிஸ்கட்டின் பின்பக்கத்தில் சேர்மானங்களைப் படித்தால் முதல் பெயர் பெரும்பாலும் மைதாவாக இருக்கும்.

வீட்டுச் சாமான் பட்டியலில் இருந்து தொடங்குங்கள்

ஆளாளுக்குத் தட்டை நிறுத்துப் பார்ப்பது நடைமுறையில் நீடிக்காது. மாதச் சாமான் பட்டியல் பொய் சொல்லாது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதலில், 2,000 கலோரி வேண்டிய ஒருவருக்கு நாளைக்குக் கீரையும் சேர்த்துக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், தானியம் 250 கிராம், பருப்பு, முட்டை, மீன், இறைச்சி எல்லாம் சேர்த்து 85 கிராம், கொட்டையும் எள் போன்ற வித்தும் 35 கிராம், பாலோ தயிரோ 300 மில்லி, எண்ணெய் 27 கிராம். இதை நாலு பெரியவர்கள் உள்ள வீட்டின் மாதக் கணக்காக்கினால் அரிசி, கோதுமை, ரவை, மைதா, அவல் எல்லாம் சேர்த்தே 30 கிலோ. காய்கறி 48 கிலோ. பருப்பும் மீனும் முட்டையும் சேர்ந்து 10 கிலோ. எண்ணெய் மூன்றேகால் கிலோ.

உங்கள் வீட்டில் போன மாதம் என்ன வந்தது என்று எழுதிப் பாருங்கள். ரேஷன் அரிசியையும் சேர்த்து எழுதுங்கள், அதை மறந்துவிடுவது வழக்கம். காய்கறியும் அரிசியும் தலைகீழாக இருந்தால் ஒரே மாதத்தில் புரட்ட முயல வேண்டாம். அப்படிச் செய்கிறவர்கள் பத்து நாளில் பசி தாங்காமல் பேக்கரியில் போய் நிற்கிறார்கள். முதல் இரண்டு வாரம் சோற்றில் கை வைக்காமல் மத்தியானத்துக்கும் ராத்திரிக்கும் ஒரு துவரனைக் கூட்டுங்கள். வயிறு அதற்கு இடம் கொடுத்ததும் சோற்றில் அரைக் கப்பைக் குறையுங்கள். பயறு அடுத்து வரட்டும். ஒரேயடியாகக் கூட்டினால் வாயுத் தொல்லை வரும், ஊறவைத்த தண்ணீரை மாற்றி, சிறு அளவில் தொடங்கினால் குறையும். செலவுக்குப் பயப்பட வேண்டாம். முருங்கைக்கீரை, வாழைப்பூ, வாழைத்தண்டு, பப்பாளிக்காய் எல்லாம் இந்த மண்ணில் வேலியோரத்தில் கிடைப்பவை. சாளையும் நெத்தோலியும் மீன்களில் மலிவானவை, குழம்பாக வைத்தால் எண்ணெயும் மிச்சம்.

யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்

ஏற்கெனவே சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள், முக்கியமாக கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், சோற்றைச் சட்டென்று பாதியாக்கினால் சர்க்கரை 70-க்குக் கீழே போய்விடலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தலைச்சுற்றல் அதன் அடையாளம். உடனே மூன்று கரண்டி சீனியைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். உணவை மாற்றப்போகிறேன் என்று முன்கூட்டியே மருத்துவரிடம் சொன்னால் மருந்தின் அளவைச் சரிசெய்வார். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பயறு, கீரை, பழம் எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லாமல் கூட்டக்கூடாது.

நோய் இல்லாதவர்கள் 30 வயதைக் கடந்திருந்தால், அல்லது பெற்றோருக்கு நோய் இருந்தால், வெறும் வயிற்றுச் சோதனையோடு தொடங்கலாம். 100-க்குக் கீழே இயல்பு, 100 முதல் 125 வரை முந்தைய நிலை, 126-ம் அதற்கு மேலும் என்றால் மறுபடி சோதித்து உறுதிசெய்ய வேண்டிய நோய். ஹெச்பிஏ1சி சோதனையில் 5.7 முதல் 6.4 வரை முந்தைய நிலை, 6.5 முதல் நோய். இந்தச் சோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள் என்பதால், தட்டை மாற்றிய மூன்றாவது வாரத்தில் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் இறங்கவில்லை என்று சோர்ந்துபோக வேண்டாம். மூன்று மாதம் கழித்து, முடிந்தால் அதே ஆய்வகத்தில் எடுங்கள். ரத்தசோகை உள்ளவர்களுக்கு இந்த எண் தவறாகக் காட்டக்கூடும். அவர்கள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சோதனையைக் கேட்டு வாங்குவது நல்லது. அதில் 140-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 200-ஐத் தொட்டால் நோய்.